எரிந்த ஏடுகளும் பச்சைப் பொன்னும்

மெக்சிக்கோவின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தென்கிழக்குக் கோடியில், வளைகுடாவுக்குள் பெருவிரல் ஒன்று வடக்கு நோக்கி நிமிர்ந்து நிற்பது போல ஒரு நிலத்துண்டு தெரியும். அதுவே யுக்காத்தான் தீபகற்பம். ஒரு காலத்தில் ஒரே ஆட்சிப் பிரிவாக இருந்த அது இன்று கம்பெச்சே, கிந்தானா றோ, யுக்காத்தான் என மூன்று மாநிலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பெருவிரலின் நுனிப்பகுதியே யுக்காத்தான் மாநிலம். பரப்பளவில் இலங்கையின் ஐந்தில் மூன்று பங்கு இருக்கும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 23 இலட்சம் மக்கள். தலைநகர் மெரிடா.

இந்த மாநிலத்தில் ஆறு இல்லை. வற்றிய ஆறோ சிற்றாறோ கூட இல்லை. நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. மேற்கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் அந்த நீர் வெளியே தெரியும். அவற்றை மாயர் தம் மொழியில் ‘ட்சொனோட்’ என்றனர். ஸ்பானியர் வாயில் அது ‘செனோட்டே’ ஆயிற்று. புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மாயரின் ஊர்களும் கோயில்களும் இந்த நீர்க்குழிகளைச் சுற்றியே எழுந்தன. புகழ்பெற்ற ‘சிச்சென் இட்சா’ என்ற பெயருக்கே ‘இட்சா மக்களின் கிணற்றுவாய்’ என்பதுதான் பொருள். மெரிடாவைச் சூழ இக்குழிகள் பெரியதொரு வில்வளைவாக அமைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், டைனோசர்களின் அழிவுக்குக் காரணமாகக் கருதப்படும் விண்கல் விழுந்த இடம் இதுவே. புதையுண்ட அந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பைத்தான் நீர்க்குழிகள் காட்டி நிற்கின்றன.

மெரிடா நகரை ஸ்பானியர் 1542இல் நிறுவினர். வெற்று நிலத்தில் அல்ல. தீஹோ என்ற மாயநகரின் மேல், அதன் கோயிற் கற்களைப் பெயர்த்தெடுத்துக் கட்டினர். இருபது ஆண்டுகள் கழித்து, 1562 ஜூலை 12இல், மானி என்ற ஊரில் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியும் என்று நான் நினைக்கவில்லை. பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தா, மதம் மாறிய மாயர் இரகசியமாகப் பழைய தெய்வங்களை வணங்குவதாகக் கேள்விப்பட்டு விசாரணை நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் சித்திரவதைக்கு உள்ளாகினர். 150க்கு மேற்பட்டோர் அதில் இறந்தனர் எனப் பின்னர் நடந்த விசாரணை பதிந்துள்ளது. ஈற்றில் தெய்வ உருவங்களோடு மாயரின் ஏடுகளும் தீயிலிடப்பட்டன. அத்திமரப் பட்டையில் சுண்ணாம்பு பூசி, மடிப்பு மடிப்பாக எழுதிய நூல்கள் அவை. அவர்கள் அதற்காக வியக்கத்தக்க அளவு வருந்தினார்கள் என்று லாந்தாவே பின்னர் எழுதினார். மாயருடைய சுவடிகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு.

இந்தக் கதையில் விசித்திரமான பகுதி இனித்தான் வருகிறது. அத்துமீறிய குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல ஸ்பெயினுக்குச் சென்ற லாந்தா, அங்கே யுக்காத்தானைப் பற்றி நூலொன்று எழுதினார். பின்பு குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டு, அதே நாட்டின் ஆயராகத் திரும்பி வந்தார். அந்நூலில் மாயரின் ‘அரிச்சுவடி’ என்று சில குறிகளைத் தந்திருந்தார். மாய எழுத்தாளன் ஒருவனை இருத்தி, ஸ்பானிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்திருக்கிறார். ‘பே’ என்று அவர் எழுத்தின் பெயரைச் சொன்னார். அவனோ ‘பே’ என்ற ஒலியை எழுதினான். மாய மொழியில் ‘பே’ என்றால் வழி. ஆகவே பாதையில் பதிந்த காலடியை வரைந்து கொடுத்தான். துறவி மெய்யெழுத்தைத் தேடினார், கிடைத்ததோ உயிர்மெய். அந்த எழுத்தாளனின் பொறுமையும் எல்லை கடந்திருக்க வேண்டும். விரும்பிய ஒரு வாக்கியத்தை எழுது என்றபோது அவன் எழுதியது: ‘மா இன் காத்தி’. பொருள், ‘எனக்கு விருப்பமில்லை’. லாந்தா அதையும் அப்படியே நூலில் சேர்த்துக்கொண்டார்.

நூலின் சுருக்கப்பிரதி ஒன்று மட்டும் மாட்றிட் நகரில் கிடந்து 1862இல் கண்டெடுக்கப்பட்டது. அறிஞர்கள் அந்த அரிச்சுவடியை வைத்துச் சுவடிகளைப் படிக்க முயன்று தோற்று, லாந்தா பிதற்றியிருக்கிறார் என்று ஒதுக்கினர். 1952இல் லெனின்கிராட் நகரில் யூரி க்னோறோசொவ் என்ற இளம் ஆய்வாளர், அவை உயிர்மெய்க் குறிகள் என்று கொண்டு படித்தார். வான்கோழிப் படத்தின் அருகே ‘கு-ட்சு’. மாய மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’. நாயின் படத்தருகே ‘ட்சு-லு’, நாய் ‘ட்சுல்’. இரண்டிலும் ‘ட்சு’ ஒரே குறியாக இருந்தது. ஏடுகளை எரித்தவர் எழுதிய பக்கமே அவற்றைத் திறக்கும் திறவுகோலாயிற்று. ஆனால் இதற்காக லாந்தாவுக்கு நன்றி சொல்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. எரியாமல் விட்டிருந்தால் திறவுகோலுக்கு இவ்வளவு தவித்திருக்க வேண்டியதில்லை.

மாயர் சும்மா இருந்துவிடவுமில்லை. துறவிகள் கற்பித்த இலத்தீன் எழுத்திலேயே தம் மொழியில் தம் பழங்கதைகளையும், மருத்துவத்தையும், தீர்க்கதரிசனங்களையும் எழுதி, ஊருக்கு ஒரு பிரதியாகப் பேணினர். ‘சிலாம் பாலாம்’ நூல்கள் எனப்படுபவை இவையே. சுமயெல், திசிமின், மானி என்று அவற்றை ஊர்ப் பெயராலேயே அழைப்பர். ஆம், ஏடுகள் எரிந்த அதே மானிக்கும் ஒரு நூல் உண்டு.

1847இல் தொடங்கிய மாயரின் பெருங்கிளர்ச்சியை ‘சாதிப் போர்’ என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அடுத்த ஆண்டு மெரிடா வீழும் நிலைக்கு வந்தது. அஞ்சிய ஆளுநர் நாட்டின் இறைமையையே அந்நிய அரசுகளுக்குத் தர முன்வந்தார். மழைக்காலம் வந்ததும் சோளம் விதைக்க வேண்டுமென்று மாயப் படைகள் வீடு திரும்பின என்பர். போர் கிழக்குக் காடுகளில் 1901 வரை இழுபட்டது.

எஞ்சிய மாயரின் முதுகில் வந்து ஏறியது ‘எனெக்கென்’ என்ற கற்றாழை. சோளமும் திணறும் அந்தக் கல் நிலத்தில் அது செழித்தது. அதன் நாரைச் சிசல் என்ற துறைமுகத்திலிருந்து ஏற்றினர். ‘சிசல் நார்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1850களில் மடலிலிருந்து நார் உரிக்கும் இயந்திரம் உள்ளூரிலேயே உருவாகியது. 1870களின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவில் கோதுமைக் கதிரை அறுத்துத் தானே கட்டும் பொறி பரவியபோது, அதற்கு வேண்டிய கயிற்றுக்கு யுக்காத்தானின் நார் பெரிதும் தேவைப்பட்டது. ‘பச்சைப் பொன்’ என்றனர். மெரிடாவில் பிரெஞ்சுப் பாணி மாளிகைகளும் மின்விளக்கும் அகன்ற வீதிகளும் தோன்றின.

பண்ணையிலோ, கற்றாழை நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே முதல் வெட்டு. முள்நுனி மடலை அரிந்து, முள்ளைச் சீவி, கட்டாகக் கட்டிச் சுமக்க வேண்டும். கூலி ஆயிரம் மடலுக்கு இவ்வளவு என்று கணக்கு. கூலியாகக் கிடைத்த பண்ணைத் தகடு பண்ணைக் கடையில் மட்டுமே செல்லும். திருமணத்துக்கு வாங்கிய கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும்; கடன் தீராமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. ஆட்கள் போதாமல், வடமேற்குப் பாலைநிலத்து யாக்கி மக்களை அரசு பிடித்து அனுப்பியது. 1905இல் ஆயிரத்துச் சொச்சம் கொரியர் கப்பலில் வந்திறங்கினர். பணக்கார முதலீட்டாளர் போல நடித்துப் பண்ணைகளைப் பார்த்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் கென்னத் டேர்னர், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மாயர் அங்கே அடிமைகளாய் இருப்பதாக எழுதினார். பண்ணை முதலாளிகள் ‘அடிமை’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் குறித்தார். கடனுக்கான கட்டாய ஊழியம் என்பதே அவர்கள் வழக்கு.

முதலாளிகளிலும் எல்லோரும் சமமல்லர். 1902இல் ஆளுநராக வந்த ஒலெகாரியோ மொலினாவின் கொம்பனி, அதே ஆண்டு அமெரிக்காவின் இன்ரநாஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தோடு இரகசிய ஒப்பந்தம் செய்தது. நாரின் விலையை முடிந்தவரை கீழே இறக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டின் ஒரே விளைபொருளின் விலையை நாட்டின் ஆளுநரே இறக்குவதா என்று நாம் கேட்கலாம். அவருக்குத் தரகுப் பணம் நாரின் விலையை விடப் பெரிதாயிருந்தது.

மெக்சிக்கோப் புரட்சி யுக்காத்தானுக்குள் பிந்தியே நுழைந்தது. 1915இல் படையோடு வந்த ஜெனரல் சல்வதோர் அல்வராதோ கடனடிமையை நடைமுறையில் ஒழித்தார். 1922இல் ஆளுநரான பெலிப்பே கரியோ புவெர்த்தோ, பதவியேற்றபோது மாய மொழியிலே உரையாற்றினார். கடனடிமையின் தழும்பு ஆறாத ஒரு கூட்டம், ஆளுநர் மாளிகையிலிருந்து தன் வீட்டுமொழியைக் கேட்ட நாள் அது. 1924 ஜனவரி 3இல், கிளர்ச்சி செய்த இராணுவத்தினர் அவரை மூன்று சகோதரர்களோடு மெரிடா மயானத்தில் சுட்டுக் கொன்றனர். நிலம் பங்கிடப்பட்டது 1937இல், ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் காலத்தில்.

நிலம் கைக்கு வந்தபோது சந்தை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. யுக்காத்தானிலிருந்து புளோரிடாவுக்குப் போன சிசல் கன்றுகள் 1893இல் ஜேர்மன் கிழக்காபிரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே பெருந்தோட்டங்களாகியிருந்தன. அறுத்தபடியே சூடடிக்கும் புதிய இயந்திரத்துக்குக் கதிர்க்கட்டுக் கயிறு வேண்டியதில்லை. நைலோன் போன்ற செயற்கை இழைகள் மிச்சத்தை முடித்தன. இன்று உல்லாசப் பயணமும் மெரிடாவைச் சூழ்ந்த தொழிற்சாலைகளுமே பொருளாதாரத்தின் தூண்கள். பழைய பண்ணை வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. குசாமா என்ற ஊரில், மடல் சுமந்த சிறு தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் வண்டியேறிப் பயணிகள் நீர்க்குழிகளைப் பார்க்கச் சென்றனர்.

நாரை இறுதியாகக் கையில் வைத்திருந்தது கோர்தெமெக்ஸ் என்ற அரச கயிற்று நிறுவனம். நட்டத்தில் ஓடி 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதற்கு முன்னர், 1980இல், அந்தக் கயிற்று நிறுவனம் ஒரு புத்தகம் பதிப்பித்தது. அல்பிரெதோ பறேரா வாஸ்கெஸ் தலைமையில் அறிஞர்கள் தொகுத்த மாய மொழி – ஸ்பானிய அகராதி. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். பழைய துறவிகள் எழுதிவைத்த சொற்பட்டியல்களோடு மக்கள் வாயிலிருந்த சொற்களையும் அதில் சேர்த்திருந்தனர். இன்றும் மாய மொழியைப் படிப்போர் அதை ‘கோர்தெமெக்ஸ் அகராதி’ என்றுதான் சொல்கிறார்கள். யுக்காத்தான் மாநிலத்தில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த மொழியைப் பேசுகின்றனர்.