சாதிக்காய்த் தீவும் கப்பற்படைகளும்

உலக வரலாற்றின் பெருந்திருப்பங்கள் பேரரசர்களின் அவைகளிலேயே தொடங்குகின்றன என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், தேசப்படத்தில் ஒரு புள்ளியளவும் இடம்பெறாத சிறு தீவு ஒன்றுக்காக இரண்டு வல்லரசுகள் அரை நூற்றாண்டுக் காலம் பூசலிட்டதும் உண்டு. மாணவ நண்பர்களுக்கு அவ்வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அத்தீவின் பெயர் ரன். இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள பாண்டா தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்; அகலமோ ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இத்தகைய தீவை வல்லரசுகள் நாடுவானேன்? அங்கே சாதிக்காய் விளைந்தது என்பதே விடை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உலகச் சந்தைகளுக்கு வந்த சாதிக்காய் பாண்டா தீவுகளின் விளைவேயாகும். கொட்டையின் உட்பருப்பு சாதிக்காய். கொட்டையைச் சுற்றிச் செந்நிறமாகப் பின்னிக் கிடப்பது சாதிபத்திரி. இவ்விரண்டும் ஜாவா, மலேயா, குஜராத், அராபிய வணிகர்களின் கைகள் பல மாறி, அலெக்சாந்திரியாவை அடைந்து, வெனிசு நகரத்தார் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. கைமாறுந்தோறும் விலை ஏறிற்று. இடையிலுள்ள கைகளை அகற்றிவிட்டு விளையும் இடத்திற்கே சென்றால் ஆதாயம் முழுவதும் தமதாகும் என ஐரோப்பியர் கணக்கிட்டனர்.

முதலில் வந்தவர் போர்த்துக்கீசியர். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1509இல் தியூ என்னுமிடத்தில் எகிப்து, குஜராத், கோழிக்கோடு ஆகியவற்றின் கூட்டுக் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். 1512இல் அவர்கள் கப்பல்கள் பாண்டாவை எட்டின. இந்துமாக்கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றும் அவர்கள் விதித்தனர். அதுவரையில் பல நாட்டு வணிகரும் பொதுவாக வழங்கிவந்த கடலுக்கு ஒருவர் தம்மை உரிமையாளராக அறிவித்துக்கொண்டது பெரியதொரு மாற்றம். எனினும், பரந்த கடலைக் காக்கப் போதிய கப்பல்கள் அவர்களிடம் இல்லை. நறுமணப் பண்டங்கள் பழைய வழிகளிலும் கசிந்துகொண்டே இருந்தன.

அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் களத்தில் இறங்கினர். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600இலும், ஒல்லாந்தரின் கம்பெனி 1602இலும் நிறுவப்பெற்றன. ஒல்லாந்தர் கம்பெனி பெயரளவில் வணிக நிறுவனம். ஆனால் கோட்டை கட்டவும், படை வைக்கவும், உடன்படிக்கை செய்யவும் அதற்கு உரிமை இருந்தது. சாதிக்காயைத் தங்களுக்கே விற்க வேண்டும் என்று அது பாண்டாத் தலைவர்களிடம் ஒப்பந்தம் பெற்றது. ஆனால் அத்தீவுகளில் நெல் விளையாது. அரிசியும் துணியும் வெளியூர் வணிகர் கொண்டுவந்து கொடுக்க, அவற்றுக்கு மாற்றாகச் சாதிக்காய் கொடுத்தே மக்கள் வாழ்ந்தனர். ஒருவருக்கே விற்பது என்றால், அவர் கப்பல் வராத காலத்தில் பட்டினி கிடப்பது என்று பொருள். ஆகவே அவர்கள் ஒப்பந்தத்தை மீறிப் பிறருக்கும் விற்றனர்.

1616 திசம்பரில் நதானியேல் கோர்ட்டோப் என்னும் ஆங்கிலேயர் இரண்டு கப்பல்களுடன் ரன் தீவுக்கு வந்தார். தீவினர் ஆங்கில மன்னரின் பாதுகாப்பை ஏற்றனர். சிறு படையொன்றை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்காண்டுகள் ஒல்லாந்தரின் முற்றுகையை அவர் தாங்கினார். 1620இல் கடலில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஒல்லாந்தரின் ஆளுநர் யான் கூன் பெரும்படையுடன் பாண்டாவின்மேல் பாய்ந்தார். தலைவர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் தலை வெட்டப்பட்டனர். ஏறத்தாழ 15,000 எனக் கணிக்கப்படும் மக்களில் சிறு தொகையினரே தீவுகளில் எஞ்சினர். ஏனையோர் வாளுக்கும் பசிக்கும் இரையாயினர், அடிமைகளாயினர், அல்லது தப்பியோடினர். தோட்டங்கள் கூறிடப்பட்டு ஒல்லாந்தக் குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் உழைக்கப் பல கரைகளிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். நமது சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1623இல் அம்போய்னாத் தீவில் ஆங்கிலேயர் பத்துப் பேருக்கு ஒல்லாந்தர் மரணதண்டனை விதித்தனர். அதன்பின் ஆங்கிலேயரின் கவனம் பெரிதும் இந்தியாவின்பால் திரும்பியது. இங்கே அவர்களை ஈர்த்தது பருத்தித் துணி. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரும் துணியை நாடியே வந்தவர்கள். ஏனெனில், சோழமண்டலத் துணியைக் கொடுத்தே கீழைத்தீவுகளில் நறுமணப் பண்டங்களை வாங்க முடிந்தது. 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதையும் இந்தத் தொடர்பில் வைத்தே பார்க்க வேண்டும். நறுமணத் தீவுகளில் தோற்றவர்கள் துணி நாட்டில் காலூன்றி, நாளடைவில் அரசாளவும் தொடங்கினர்.

ரன் தீவின் வழக்கு அத்துடன் தீரவில்லை. 1664இல் ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் ஒல்லாந்தரின் நியூ ஆம்ஸ்டர்டாம் நகரைக் கைப்பற்றி நியூயார்க் எனப் பெயரிட்டனர். போர் மூண்டது. 1667 சூனில் ஒல்லாந்தக் கடற்படை மெட்வே ஆற்றினுள் புகுந்து, ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தி, அரசரின் பெயர் தாங்கிய தலைமைக் கப்பலையும் இழுத்துச் சென்றது. அடுத்த மாதம் பிரேடா நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. அவரவர் கையிலிருப்பது அவரவர்க்கே என்பது அதன் அடிப்படை. ரன் ஒல்லாந்தருக்கும் நியூயார்க் ஆங்கிலேயருக்கும் உரியவாயின. தீவுக்குத் தீவு நேரடியாக விற்கப்பட்டது போலச் சிலர் கூறுவது மிகை. 1673இல் ஒல்லாந்தர் நியூயார்க்கை மீண்டும் பிடித்து, மறு ஆண்டே திரும்பக் கொடுத்தனர் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

இவ்வளவு குருதி சிந்திக் காத்த தனியுரிமை நிலைத்ததா? சாதிக்காய் முளைக்காதிருக்க ஒல்லாந்தர் அதைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினர். அப்படியிருந்தும் 1770இல் பிரெஞ்சுக்காரரான பியர் புவாவரின் முயற்சியால் கன்றுகள் மொரீஷியசுத் தீவை அடைந்தன. ஒல்லாந்தர் கம்பெனி 1799இன் இறுதியில் கலைக்கப்பட்டது. பின்னர் பாண்டாவைச் சிலகாலம் கைப்பற்றியிருந்த ஆங்கிலேயர் கன்றுகளைப் பினாங்கு முதலிய இடங்களில் நட்டனர். கடற்படைகள் காத்துநின்ற செல்வத்தின் தனிச்சிறப்பு ஒரு கன்றின் வேரோடு அகன்றது.

ஆனால் கலைந்த மக்கள் பழைய வாழ்வை மீண்டும் பெறவில்லை. பிரேடாவில் பேசியவர்கள் பாண்டா மக்களின் கருத்தைக் கேட்கவுமில்லை. 1621இல் தப்பியோடியவர்களுள் ஒரு பகுதியினர் தென்கிழக்கே கேய் தீவுகளில் குடியேறினர். பாண்டாவில் அவர்களுடைய பழைய மொழி வழக்கொழிந்துவிட்டது. கேய் தீவுகளின் சில ஊர்களில் மட்டும் அவர்களின் வழித்தோன்றல்கள் அம்மொழியை இன்றும் பேசிவருகின்றனர். கடலாதிக்கத்தின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் வென்ற கப்பல்களின் பெயர்களோடு இவ்வூர்களையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.