கோதுமைக் கப்பலும் கண்வில்லையும்

செல்வம் மிக்க நாடுகள் எளிய நாடுகளுக்கு அளிக்கும் உதவியைப் பெருக்க வேண்டுமா, சுருக்க வேண்டுமா என்பது நெடுநாளைய வழக்கு. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கு உதவியாக அளிக்கப்பட வேண்டுமென 1970-இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. அந்த அளவை எட்டிய நாடுகள் மிகச் சிலவே. அமெரிக்காவோ 2025-இல் தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. கொடுப்போர் கணக்கை மட்டும் பார்த்தால் இவ்வழக்குத் தீராது. பெற்றோர் அனுபவத்தையும் கேட்க வேண்டும்.

நாம் பெற்றவர்கள். 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின்கீழ் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. பசித்தோர்க்கு அது அமுதமே; அதை மறப்பது நன்றியன்று. ஆயினும் 1965, 1966-ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். உண்ணும் உணவு பிறர் விருப்பத்தில் இருப்பதன் துன்பத்தை நாடு அன்று உணர்ந்தது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் காலத்தில், 1966-இல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. தானியமும் கடல் கடந்து வந்தது. விதையும் கடல் கடந்து வந்தது. முன்னது உண்ணத் தீர்ந்தது. பின்னது விதைக்கப் பெருகிற்று.

இந்த வேற்றுமையை நம் மதுரையில் இன்னும் தெளிவாகக் காணலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சுற்றுப்புறக் கிராமங்களில் கண்புரையால் பார்வை இழந்தோர் பலர். புரையை நீக்கியபின் கண்ணுள் பொருத்தும் வில்லை அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும்; அதன் விலை ஏறத்தாழ 100 டாலர். வயலில் கூலி வேலை செய்வோர்க்கு அது எட்டாக் கனி. அன்பளிப்பாக வந்த வில்லைகள் எல்லோர்க்கும் போதா. ஆகவே, அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் துணையோடு, வில்லை செய்யும் வித்தையே இங்கு வரவழைக்கப்பட்டது. 1992-இல் ஆரோலேப் தொழிற்கூடம் தோன்றியது. வில்லையின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னாளில் மதுரை வில்லைகள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன.

இது அரசாங்கம் அளித்த உதவியன்று; அறச்சிந்தை உடையோர் செய்த உதவி. எனினும் அரசாங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. பஞ்ச காலத்தில் தானியமே வேண்டும். பசித்த குழந்தை அறுவடை வரை காத்திராது. மற்றைக் காலத்தில் விதையும் வித்தையும் வேண்டும். வித்தை கற்பிக்கவும் பொருள் வேண்டும். பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். ஆதலின் உதவியைப் பெருக்குவதே தக்கது என்பேன். ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் எண்ணாமல், பெற்றவர் மீண்டும் கேட்க வேண்டாத நிலை எப்போது வரும் என்றும் எண்ணிக் கொடுத்தல் வேண்டும்.

அன்று வில்லைக்காகக் கையேந்திய மதுரைக்கு இன்று பிற நாட்டு மருத்துவர்கள் கண் மருத்துவம் பயில வருகின்றனர். நல்ல உதவிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?