டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு: தெஹியோவிட்டத் தோட்டங்களும் வணிகக் கல்வியின் இரண்டாம் வழியும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் செல்லும் வீதியில், கேகாலை மாவட்டத்தில் அமைந்த தெஹியோவிட்டவையும் அதைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களையும் பொறுத்தவரை, பல்கலைக்கழக வணிகக் கல்வியின் வரலாற்றைத் தோட்டப் பாடசாலையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரே மண்டபத்தில் ஓரிரு ஆசிரியர்கள் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்திய இப்பாடசாலைகள், 1960-61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது விடுபட்டுப்போய், 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல்தான் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழ் மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்ததையும் சேர்த்துப் பார்க்காமல், தோட்டப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கினர் என்று எழுதிவிடுவது பெரும் அநீதி.

ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அரிதான தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தரம் என்பது பெரும்பாலும் கலைப் பிரிவாகவோ, கணக்கியல், பொருளியல், வணிகக் கல்வி ஆகியவை அடங்கிய வர்த்தகப் பிரிவாகவோ இருந்தது. வர்த்தகப் பிரிவினருக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அப்பதினாறில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. ஆகவே ஒரே மாதிரியான லயத்தில் பிறந்து ஒரே பாடத்தைப் படித்த இரு பிள்ளைகளுள், மாவட்ட எல்லைக்கு இப்பால் தெஹியோவிட்டப் பக்கம் பிறந்தவருக்கு அந்தச் சிறு சலுகையும் கிட்டாது.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை எட்டாதவருக்கு இன்னொரு வழி வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் 1901 இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரியின் வழிவந்த சமுதாயக் கல்லூரிகளில், இரண்டாண்டு படித்தவர் அப்பாடங்களின் பெறுமதியோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இலங்கையில் 1969 இல் திறக்கப்பட்ட இளநிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் 1970 ஆட்சி மாற்றத்துக்குப் பின் நிலைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில், மாகாணந்தோறும் டிப்ளோமா கற்பிக்கும் நோக்குடன் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் உருவாயின. அவற்றுள் பெலிஹுல்ஓயாவில், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்கென எழுந்த குடியிருப்பில் இயங்கிய கல்லூரியே 1995-96 இல் சப்ரகமுவப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று முகாமைத்துவ பீடத்தையும் கொண்டிருக்கிறது. கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது பெரும் பேறே. ஆயினும் டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குத் தாவியது கல்லூரிதான். அதற்குப் பின் வந்த டிப்ளோமா மாணவர் ஏறுவதற்கான படி அங்கே எஞ்சவில்லை.

அந்த வெற்றிடத்தில் நின்றது உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் நடக்கும் இந்த நான்காண்டுப் படிப்பு, செலவுக் கணக்கியல், தணிக்கை, வரி, நிதியறிக்கை என வணிகமாணிப் பட்டத்தோடு பெரிதும் ஒத்துச் செல்வது. எனினும் ஆங்கில மொழியிலேயே கற்பிக்கப்படுவதால், பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்த தோட்டப் பிள்ளைக்கு முதலாண்டே கடுஞ்சோதனையாகிறது. அப்படியும் முடித்துவருவோரின் தகுதி பட்டத்துக்கு நிகரா என்பது தீராத வழக்காகவே நீண்டது. அதனை நிகரெனக் கொள்ளக் கோரி 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பு வார்ட் பிளேசில் திரண்ட மாணவர்களைப் பொலிஸார் கண்ணீர்ப்புகையாலும் தடியடியாலும் கலைத்தனர். நான்கு ஆண்டுகள் உழைத்துப் பெற்ற சான்றிதழின் மதிப்பைக் கேட்டவர்களுக்கு அவ்வாறு பதில் கூறியிருக்கவே கூடாது.

தேசிய தொழிற்றகைமையின் 5ஆம், 6ஆம் மட்டங்களில் டிப்ளோமா பெற்றவர் பட்டப்படிப்புக்குச் செல்லும் பாதையைச் சட்டப்படி வகுத்தது 2008ஆம் ஆண்டின் தொழில்சார் தொழினுட்பவியல் பல்கலைக்கழகச் சட்டம். வெட்டுப்புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் இப்பாதையில் குறுக்கிடுவதில்லை என்பதே தெஹியோவிட்டப் பிள்ளைகளுக்கு அதன் தனிப் பயன். ஆனால் அது தொழிற்பயிற்சித் துறைகளை முதன்மையாகக் கருதி அமைந்ததாதலால், கணக்கியல் டிப்ளோமாவுடன் முகாமைத்துவ பீடமொன்றின் மூன்றாம் ஆண்டில் நேரே சேர விரும்புவோரின் கோரிக்கை அச்சட்டத்தால் தீர்ந்துவிடவில்லை.