மனச்சோர்வு: மூளை காணும் முகமும் கேட்கும் இசையும்

மனச்சோர்வு நோய் கண்டவரின் மூளை, உணர்வைத் தொடும் காட்சிகளையும் ஒலிகளையும் மற்றவர்களின் மூளையைப் போலக் கையாள்வதில்லை. துயரம் தோய்ந்த முகம் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. சிரித்த முகம் எதிரே நின்றாலும் பதியாமல் நழுவிப் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 28 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துயரமும் எதிலும் நாட்டமின்மையும் அதன் முதன்மைக் குறிகள். இவை மனம் வைத்தால் மாறிவிடக்கூடியவை என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டு மூளை ஆய்வுகள் அந்த எண்ணத்துக்கு எதிராகவே பேசுகின்றன.

ஒரு முகமோ குரலோ வந்து சேர்ந்ததும் மூளையில் முதலில் விழித்துக்கொள்ளும் பகுதிகளில் ஒன்று அமிக்டலா. இரு பொட்டுக்கும் உட்புறம், ஆழத்தில், வாதுமைப் பருப்பு வடிவில் இருப்பது. வந்தது ஆபத்தா, கவனிக்க வேண்டியதா என்று எடைபோடுவது அதன் வேலை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி அதன் வேகத்தைத் தணிக்கிறது. இரண்டோடும் தொடர்புடையது சிங்குலேட் புறணியின் முன்பகுதி. இன்பத்தை நாடும் ஊக்கத்தில் பெரும்பங்கு வகிப்பது நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் சிறு முடிச்சு. மனச்சோர்வு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள் இவை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இவெட் ஷெலைன் தலைமையிலான குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அச்சம் படிந்த முகம் ஒன்றை நொடியின் மிகச் சிறு பகுதிக்குக் காட்டி, உடனே சலனமற்ற முகம் ஒன்றால் அதை மறைத்தார்கள். அச்ச முகத்தைப் பார்த்த நினைவே பங்கேற்றவர்களுக்கு இருக்காது. ஆயினும் நோயாளிகளின் இடப்பக்க அமிக்டலா மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் கிளர்ந்தது. செர்ட்ராலின் என்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபின் அந்தக் கிளர்ச்சி தணிந்தது. அறிவு எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடும் வேலை இது. கவனத்தை வேறு பக்கம் திருப்பு என்று நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

கிளர்ச்சி கூடுவது ஒரு பாதி. அது அடங்க மறுப்பது மறு பாதி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரெக் சீகிள் 2002இல் பங்கேற்றவர்களுக்கு உணர்ச்சி தோய்ந்த சொற்களைக் காட்டினார். அதன்பின், உணர்ச்சிக்குத் தொடர்பில்லாத சிறு நினைவுப் பயிற்சி ஒன்றைச் செய்யச் சொன்னார். நோயில்லாதவர்களின் அமிக்டலா பத்து நொடிக்குள் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களிடம், எதிர்மறைச் சொல் கிளப்பிய அதிர்வு, அடித்து ஓய்ந்த கோயில் மணியின் ரீங்காரம்போல ஏறத்தாழ 25 நொடி நீடித்து, அடுத்த வேலைக்குள்ளும் தொடர்ந்தது. காலையில் கேட்ட ஒரு சுடுசொல்லை இரவு வரை மனம் மென்றுகொண்டிருப்பதாக நோயாளிகள் சொல்வதுண்டு. பத்துப் பேருக்கும் குறைவான நோயாளிகளைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் அவர்கள் சொல்வது வெறும் பிடிவாதம் அல்ல என்பதற்கு முதற்சான்றுகளில் ஒன்றாக அது அமைந்தது.

மகிழ்ச்சியின் பக்கம் நிலைமை தலைகீழ். யூட்டா ஜோர்மன், இயன் காட்லிப் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சலனமற்ற முகம் சிறிது சிறிதாக ஓர் உணர்ச்சியைக் காட்டும் படத்தொடர்கள் பயன்பட்டன. அது மகிழ்ச்சி என்று அடையாளம் காண, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடத் தெளிவான, முதிர்ந்த சிரிப்பு தேவைப்பட்டது. அன்றாட வாழ்வில் பெரும்பாலான புன்னகைகள் அரைப்புன்னகைகளே. அவை போய்ச் சேராவிட்டால், வீட்டில் யாருக்கும் தன்மேல் அன்பில்லை என்று ஒருவர் நினைத்துவிட முடியும். மகிழ்ச்சி மூளையை எட்டினாலும் தங்குவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆரன் ஹெல்லரும் ரிச்சர்டு டேவிட்சனும் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வில், இனிய படங்களைப் பார்த்து அந்த உணர்வை வளர்த்துக்கொள்ளச் சொன்னபோது, தொடக்கத்தில் இரு தரப்பிலும் அக்கும்பென்ஸ் ஒரேபோல இயங்கியது. நேரம் செல்லச் செல்ல நோயாளிகளிடம் மட்டும் அது தளர்ந்தது.

ஒலியைப் பற்றிய ஆய்வுகள் காட்சியைப் பற்றியவற்றைவிடக் குறைவு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லெப்பிங் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. மனச்சோர்வு உள்ள 19 பேரும், அது ஒருபோதும் வராத 20 பேரும் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இனிய இசை, சோக இசை, இசையல்லாத இனிய ஒலி, துன்ப ஒலி ஆகியவற்றைக் கேட்டனர். செவிப்புலன் புறணி இரு தரப்பிலும் ஒன்றுபோலவே இசையை வாங்கியது. வேறுபாடு சிங்குலேட் புறணியின் முன்பகுதியில் தெரிந்தது: நோயற்றவர்களிடம் அது இனிய இசைக்கு நன்றாக இயங்கியது, நோயாளிகளிடம் இசையல்லாத துன்ப ஒலிகளுக்கே கூடுதலாக இயங்கியது. ‘நல்ல பாட்டாக் கேளு, எல்லாம் சரியாப்போகும்’ என்று சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். பாட்டு காதில் விழுகிறது. உணர்வாக மாறும் இடத்தில்தான் தடை.

ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் எம்மானுவேல் புப்ள், லுட்கர் டெபார்ட்ஸ் பான் எல்ஸ்ட் ஆகியோர் 2010இல் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். கருப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டி விழித்திரையின் மின்னதிர்வை அளந்தபோது, ஒளிவேறுபாட்டுக்கு அது காட்டும் பதில் நோயாளிகளிடம் மங்கியிருந்தது. சோர்வு கடுமையாக ஆக, மங்கலும் கூடியது. உலகம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்ற நோயாளிகளின் பேச்சுக்குக் கண்ணிலேயே ஒரு தடயம் கிடைத்தது. நோய் நீங்கியவர்களிடம் அந்த அளவு பழைய நிலைக்குத் திரும்புவதாக 2012இல் இக்குழு எழுதியது.

இதன் மறுபுறம் டொராண்டோவில் தெரிந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத ஆறு நோயாளிகளின் சிங்குலேட் புறணியின் அடிப்பகுதியில், நரம்பியலாளர் ஹெலன் மேபெர்க்கும் அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லொசானோவும் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினர். 2005இல் வெளியான முடிவுகளின்படி, மின்னோட்டம் தொட்ட கணத்தில் அறை சட்டென்று வெளிச்சமானதாகவும் நிறங்கள் பளிச்சென்று தெரிவதாகவும் நோயாளிகள் கூறினர். ஆறில் நால்வர் ஆறு மாதத்துக்குப் பிறகும் நலமாக இருந்தனர். பின்னர் நடந்த பெரிய சோதனையில், ஆறு மாத அளவில், உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியவில்லை. இம்முறை இன்றும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

முடிவுகள் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. ஜோனதன் ராட்டன்பெர்க் உள்ளிட்டோரின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, நோயாளிகள் இன்பத்துக்கு மட்டுமின்றித் துன்பத்துக்கும் குறைவாகவே எதிர்வினை காட்டுவதாகக் கண்டது. வெரோனிகா மியுல்லர் குழு 2017இல் 57 மூளைப்பட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் பொதுவாக மாறிய ஒரே இடம் என்று எதுவும் கிடைக்கவில்லை. மனச்சோர்வை ஸ்கேன் படம் பார்த்து உறுதிசெய்ய இயலாது என்பதே இன்றைய நிலை.

சிகிச்சையில் நம்பிக்கை தரும் செய்தி ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. கேத்தரின் ஹார்மர் குழு 2009இல், ரெபாக்செடின் மருந்தின் ஒரே ஒரு வேளை அளவு நோயாளிகளுக்கு மகிழ்ச்சி முகங்களை அடையாளம் காணும் திறனைக் கூட்டுவதைக் காட்டியது. மனநிலை அப்போதும் மாறவில்லை. முதலில் திருந்துவது மூளை உலகத்தை வாங்கும் விதம்; மனம் தெளிய வாரக்கணக்கில் ஆகும் என்பது அவர்களின் விளக்கம். மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் பலனில்லை என்று, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.