பேக்கர், லாரி (1917–2007)
பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். துப்பாக்கி ஏந்த மறுத்த குவேக்கரான இவர், இரண்டாம் உலகப் போரில் சீனாவில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றினார். இவரது கட்டடக் கலைப் பட்டம் போருக்கு முந்தையது. ஆயினும் இவரது கட்டடக் கலையை உருவாக்கியது போர்க்களச் சேவையும் பின்னர் இந்தியாவில் தொழுநோயாளிகளுக்கு ஆற்றிய தொண்டுமே எனலாம். இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் பழக்கமே இவர் கையாண்ட ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் சுவர் கட்டும் முறையில் தெரிகிறது: செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கி, நடுவே வெற்றிடம் விடுவதால் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், அவ்வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும்.

மலிவு என்றால் உறுதி குறையும் என்பர் சிலர். இவர் வடிவமைத்து 1970களில் எழுந்த திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் இயங்குவதே அதற்குப் பதில். இம்முறைக்குத் தேர்ந்த கொத்தனார் தேவை என்ற குறை நியாயமானது. 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு அத்தகையோரைப் பயிற்றுவிக்கிறது. பேக்கர் 1990இல் பத்மஸ்ரீ பெற்றார்.