மாதுங்காவிலிருந்து சமையலறை வரை: சாண எரிவாயுவின் இந்திய வரலாறு

உயிரி எரிவாயுவைப் பற்றிய நூல்களில் ஒரு செய்தி நெடுங்காலமாகக் கைமாறி வருகிறது. உலகின் முதல் எரிவாயுக் கலன் 1859இல் பம்பாயின் தொழுநோயாளர் விடுதி ஒன்றில் அமைக்கப்பட்டது என்பது அச்செய்தி. பாடநூல்களும் ஆய்வேடுகளும் இதனை ஐயமின்றி எடுத்தாள்கின்றன. ஆனால் மாதுங்காவிலிருந்த அந்த விடுதி, மாநகராட்சி ஆணையர் அக்வொர்த்தின் முயற்சியால் நிறுவப்பட்டதே 1890இல்தான். இல்லாத விடுதியில் கலன் மட்டும் 31 ஆண்டுகள் முன்னதாக இருந்திருக்க இயலாது. சான்றுகளோடு பொருந்தும் ஆண்டு 1897. அப்போது விடுதியின் கழிவுத் தொட்டிகளில் தோன்றிய வாயு சேகரிக்கப்பட்டு விளக்கெரிக்கப் பயன்பட்டது. 1907இல் அவ்வாயுவால் ஓர் எந்திரமும் இயக்கப்பட்டது.

இது வெறும் ஆண்டுத் திருத்தம் அன்று. 1859 என்று கொண்டால் இந்நிகழ்வு சூழலற்ற அதிசயமாக நின்றுவிடுகிறது. 1897 என்று கொண்டால் அதன் காலமும் காரணமும் விளங்குகின்றன. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரன் மூடிய கழிவுத் தொட்டியை அமைத்து, அதில் எழுந்த வாயுவால் விளக்கேற்றிக் காட்டியிருந்தார். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நகரின் கழிவு அகற்றல் ஆட்சியாளரின் முதற்கவலையாயிற்று. ஆக, இந்தியாவில் உயிரி எரிவாயு பிறந்தது எரிபொருள் தேடியோர் கையில் அன்று, துப்புரவுப் பொறியியலின் கிளைப்பொருளாகவே அது பிறந்தது. சமூகம் விலக்கி வைத்தோரின் கழிவிலிருந்து, விலக்கி வைத்த இடத்திலேயே அந்த விளக்கு எரிந்தது என்பதும் நினைவிற்குரியது.

மட்கும் பொருளில் அடங்கிய ஆற்றலைப் பெற இயற்கை இரு வழிகளை வைத்திருக்கிறது. காற்றோட்டமுள்ள குவியலில் நுண்ணுயிர்கள் பொருளைச் சிதைக்கையில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. குவியலின் நடுப்பகுதி 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். காற்றுப் புகாத கலனிலோ வெப்பம் மிகக் குறைவு. ஆற்றல் மீத்தேனுக்குள் தங்கிவிடுகிறது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவார்ட் முதல் வழியைத் தேர்ந்தார். அவருடைய இந்தூர் முறையில் மண்ணுக்கான எருவே இலக்கு. எழுந்த வெப்பம் களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழித்ததோடு காற்றில் கலந்தது. எருவையும் எரிபொருளையும் ஒருங்கே பெறும் வாய்ப்பு இரண்டாம் வழியில் இருந்தது.

அவ்வழியில் 1930களின் இறுதியில் தில்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தில் எஸ். வி. தேசாய் மாட்டுச் சாணத்தைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்த்தினார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு மூடி கொண்ட ‘கிராமலட்சுமி’ கலனை வடிவமைத்தார். வாயு பெருகும்போது மூடி உயரும்; செலவாகும்போது தாழும்; வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ மாறாதிருக்கும். 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் இதனை ஏற்றுப் பரப்பியது.

மூலப்பொருள் மனிதக் கழிவிலிருந்து சாணத்திற்கு மாறியதற்கு அறிவியல் காரணம் உண்டு. மாட்டின் இரைப்பையிலேயே மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்வதால் சாணம் தானே விதையுமாகிறது. ஆயினும் பண்பாட்டுக் காரணத்தைப் புறக்கணிக்க இயலாது. சாணம் தூயது எனக் கருதப்பட்டது. மனிதக் கழிவோ சாதி வரையறுத்த தீட்டுக்குள் அடங்கியது. 1980களில் சுலப் அமைப்பு பொதுக் கழிப்பறைகளோடு எரிவாயுக் கலன்களை இணைத்தபோது அது புதுமையாகக் காணப்பட்டது. உண்மையில் அது மாதுங்காவிற்குத் திரும்பிய பயணம்.

1973இன் எண்ணெய் நெருக்கடி சாண எரிவாயுவை அரசின் கொள்கைப் பொருளாக்கியது. துருப்பிடிக்கும் இரும்பு மூடியின் செலவைத் தவிர்க்க 1978இல் உத்தரப் பிரதேசத்தில் நிலைத்த குவிமாடம் கொண்ட ‘ஜனதா’ கலனும், 1984இல் அஃப்ப்ரோ நிறுவனத்தின் ‘தீனபந்து’ கலனும் தோன்றின. இடையே, 1981–82இல் தேசிய உயிரி எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது.

பெயர்கள் ஏழையை விளித்தன, கணக்கு அவ்வாறில்லை. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 2 கனமீட்டர் வாயு தேவையெனில் 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகளேனும் வேண்டும். மாடுள்ள வீட்டில் புகை அகன்றது. பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பின. மாடற்ற வீட்டுப் பெண்களோ தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் பொறுக்கிய சாணத்தை வரட்டியாக்கி அடுப்பெரித்தவர்கள். கலன் வந்த ஊரில் சாணம் மதிப்புள்ள உடைமையாகும்போது, பொறுக்கும் உரிமை என்னவாகும் என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது கருநாடகத்தின் புரா சிற்றூர். இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா பிரிவில் அமுல்ய ரெட்டியின் குழு அங்கு ஊர்ப் பொதுக் கலனை அமைத்தது. அனைத்து வீடுகளுக்கும் சமையல் வாயு தருவதே முதல் நோக்கம். சாணம் போதாமையால் அது கைகூடவில்லை. பின்னர் 1987இல் அதே வாயுவால் எந்திரத்தை இயக்கிக் குடிநீரும் மின்விளக்கும் வழங்கினர். சாணம் கொண்டுவந்தோர்க்குச் சிறு கட்டணமும், செரித்த குழம்பு எருவாகவும் கிடைத்தன. ஊர் விரும்பியது எது என்பதைக் கேட்ட பின்னரே தொழில்நுட்பம் அங்கு நிலைகொண்டது.

மாட்டிலிருந்து கலனை விடுவித்தது புனேயின் ஆரத்தி நிறுவனம். 2003இல் ஆனந்த் கர்வே மாவுச்சத்து மிக்க உணவுக் கழிவில் இயங்கும் சிறு வீட்டுக் கலனை உருவாக்கினார். நுண்ணுயிர்கள் சாணத்தில் எஞ்சிய நாரை மெல்லவே சிதைக்கும். பழைய சோற்றையும் கெட்டுப்போன மாவையும் விரைந்து உண்ணும். எனவே சிறிதளவு கழிவும் போதுமானதாயிற்று. எனினும் கழிவு மிகுந்தால் கலன் புளித்து அடங்கிவிடும். வட இந்தியக் குளிரில் வாயு குன்றிவிடும். நாள்தோறும் கவனிப்போர் வேண்டும். வீடுகளில் அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது.

இவ்வரலாற்றை வடிவங்களின் முன்னேற்றமாக மட்டும் எழுதுவது எளிது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது யாருடைய கழிவு மதிப்புப் பெற்றது, யாருடைய உழைப்பு கணக்கில் வரவில்லை என்பதும்தான். நிறுவப்பட்ட கலன்களின் எண்ணிக்கை அரசுப் பதிவேடுகளில் கிடைக்கும். கைவிடப்பட்டவற்றின் காரணங்கள் கொல்லைப்புறங்களில் கிடக்கின்றன. 1859 என்ற ஆண்டைச் சரிபாராமல் எடுத்தாண்ட ஆய்வுலகம், இனி எழுதும் வரலாற்றுக்கு அக்கொல்லைப்புறங்களையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும்.