கைதட்டு சேரும் இடம்

திருப்பூர் பனியன் கம்பெனியில், வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே என் வேலைக்காலம் கழிந்தது. துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போது எல்லா ஓரமும் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஓர் அடுக்கு நகர்ந்தாலும் அந்தப் பீஸின் அளவு மாறிப்போகும். சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். குரல், வயலின், தபலா, திரையில் அசையும் உதடு எல்லாமே அடுக்குகள். அவற்றின் ஓரம் சேர்த்த வரலாறு சுவையானது.

1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளிவந்தது. அந்த முதல் பேசும் படக் காலத்தில் அடுக்கே கிடையாது. நடிப்பவரே பாடுவார். கேமரா கண்ணில் படாமல் பக்கவாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். எல்லாம் ஒன்றாகவே பதிவாகும். அதனால் பாடத் தெரிந்தவருக்குத்தான் நடிக்க வாய்ப்பு.

1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பன் பின்னணிக் குரலைப் பயன்படுத்தினார். கன்னடத்தில் எடுத்த 'அரிச்சந்திரா'வுக்கு 1944இல் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். கன்னடம் பேசும் உதட்டுக்குத் தமிழ் வசனம் பொருந்த வேண்டும். ஓரம் சேர்க்கும் வேலை இப்படித்தான் நம் ஊருக்கு வந்தது.

படப்பிடிப்பில் கிளாப் கட்டை தட்டுவது அதற்காகத்தான். கட்டை மூடும் படத்தையும் 'டக்' என்ற சத்தத்தையும் எடிட்டர் ஒரே கோட்டில் நிறுத்துவார். பிலிம் நொடிக்கு 24 கட்டம் ஓடும். கட்டத்துக்கு 4 துளை. ஒலி பதிந்த பிலிமிலும் அதே துளைகள். ஒரு துளை தள்ளினால் நொடியில் 96இல் ஒரு பங்கு நகரும். அதைவிட நுணுக்கமாக நகர்த்த வழியில்லை.

பாட்டுப் பதிவு மட்டும் நெடுங்காலம் பழையபடியே நடந்தது. பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒன்றாக இருப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு பல டிராக் டேப் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர். 1992இல் 'ரோஜா' வந்த காலத்திலிருந்து, ஏ.ஆர். ரஹ்மானின் கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பாடி, வாசித்துவிட்டுப் போக, பாட்டு பிறகு கோக்கப்பட்டது. பலர் ஒரே மூச்சில் வாசிக்கும் வழக்கம் மெல்லக் குறைந்தது.

இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒலி மேடு பள்ளமாகத் தெரிகிறது. நொடிக்கு 44,100 துண்டு. அதில் ஒரு துண்டு அளவுக்குக்கூட மவுஸால் நகர்த்தலாம். 'ஆடாசிட்டி' மென்பொருளுக்குக் காசும் வேண்டாம்.

எங்கள் மாரியம்மன் கோயில் கும்மியை இரண்டு செல்போனில் எடுத்திருந்தோம். பேரன் முதல் கைதட்டை ஒரே கோட்டில் நிறுத்தினான். அரைமணி கழித்து எல்லாம் இரட்டைக் கைதட்டாகக் கேட்டது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரம் ஒன்றுபோல ஓடுமா? கடைசிக் கைதட்டையும் பிடித்து, ஒரு பதிவை மயிரிழை அளவு நீட்டியதும் சேர்ந்துவிட்டது.

அதோடு அவன் விடவில்லை. அத்தனை பெண்கள் தட்டியதையும் தாளக் கோட்டுக்கு இழுத்து நிறுத்திவிட்டான்.

"அப்புச்சி, இப்ப சரியா இருக்குதா?"

"சரியாத்தான் இருக்குது சாமி. ஆனா ஊரையே காணமே!"

ஒருத்தி கொஞ்சம் முந்தி, ஒருத்தி கொஞ்சம் பிந்தித் தட்டினால்தான் அது கும்மி. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் ஒற்றை ஆள் தட்டுவதுபோல இருக்கிறது. கருவிகளின் கடிகாரம் செய்த பிசகைத் திருத்த வேண்டும். மனிதர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத் திருத்தக் கூடாது. அசல் பதிவு தொடாமல் இருந்ததால் கும்மியை மீட்டுக்கொண்டோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மா பாடிய தாலாட்டோ, கல்யாணத்து நாதஸ்வரமோ கேசட்டில் இருக்கலாம். நாடா ஒட்டிப்போவதற்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் அப்புறம் ஆகட்டும். இருமல், நாய்க்குரைப்பு எல்லாவற்றோடும் ஒரு பிரதியைத் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள்.